வாசலில் நின்றது யார்

மார்ச் 4, செவ்வாய். காலை 7:10.

கோட்டையில் 61 பேர். நேற்று மாலை வரை 62. குறைந்தது நான்.

உள்ளே போகப் பார்த்தேன். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வந்தது. அந்த வரியை எழுதியவனே நான்தான். எந்த நிறத்தில் வர வேண்டும் என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்தேன். சிவப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

காரணம், பெரியவர் போட்ட அறிவிப்பு. அப்படியே எழுதி வைக்கிறேன், ஒரு எழுத்தும் மறக்கக் கூடாது: "பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நம் கோட்டைக்குள் அனுமதிக்கப்பட்டது உண்மை. அன்று வாசலில் இருந்தவர் கம்பி. அவரை நீக்கிவிட்டோம். வருந்துகிறோம்."

கம்பி நான். அலுவலகங்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுப்பது என் வேலை, அதனால் வந்த பெயர்.

அன்று வாசலில் நான் இல்லை.


மார்ச் 4, மாலை

ஒழுங்காக எழுதுகிறேன். கோபத்தில் எழுதியதை எவனும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டான்.

விளையாட்டு ஒரு நிறுவனத்துடையது. ஆனால் யார் வேண்டுமானாலும் ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து, அதில் அந்த விளையாட்டைத் தங்கள் இஷ்டப்படி ஓடவிடலாம். அப்படி நாங்கள் ஓட்டுவதுதான் கோட்டை. பதினெட்டு வயதுக்கு மேல் மட்டும். ஏனென்றால் அதில் மொட்டைமாடி என்றொரு பேச்சறை உண்டு. வேலை முடிந்து வருகிறவர்கள் அங்கே வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். மேலதிகாரியில் ஆரம்பித்துப் படுக்கையறையில் முடியும். நடத்துவது மூன்று பேர்: ஆரம்பித்த பெரியவர், தையல் கடை வைத்திருக்கும் ஊசி, நான்.

அடையாள அட்டை கேட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். அதற்காக ஒரு வழக்கம் வைத்தோம். புதிதாக வருகிறவர் வாசல் என்ற அறையில் காத்திருப்பார். எங்களில் ஒருவர் போய் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: கடைசியா எதுக்கு வரிசையில நின்னீங்க?

வயது வந்தவர்கள் பெருமூச்சோடு ஆரம்பிப்பார்கள். மின்கட்டணம், ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம். நிறுத்தவே முடியாது. சிறுவர்கள் கொஞ்சம் யோசித்து ஐஸ்கிரீம் என்பார்கள். கேள்வி என் கண்டுபிடிப்பு. உண்மையில் பதில்கூட எனக்குத் தேவையில்லை. குரலும் தோரணையும் போதும், இரண்டு நிமிடத்தில் வயதைச் சொல்லிவிடுவேன். "தம்பி காது தராசு மாதிரி" என்று ஊசி ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பார்.

பையன் வந்த அந்த ஞாயிறு மதியம் வாசல் என் முறை. ஒரு அலுவலகத்தில் நெட்வொர்க் சுவிட்ச் எரிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். பெரியவருக்குச் செய்தி போட்டேன், ஒரு மணி நேரம் பாத்துக்குங்க என்று. "நீ போப்பா, நான் இருக்கேன்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் பையன் உள்ளே வந்திருக்கிறான். மூன்று வாரம் இருந்திருக்கிறான். போன சனிக்கிழமை அவன் அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றபோது மொட்டைமாடியில் என்ன பேச்சு ஓடியதோ, பொதுத் தளத்தில் எழுதிவிட்டார். அன்று யார் முறை என்று அட்டவணையைப் பார்த்தால் என் பெயர் இருக்கும். பெரியவர் காட்டியது அட்டவணையை மட்டும். என் செய்தியையும் தன் பதிலையும் நீக்கிவிட்டார்.

நீக்கினால் போய்விடுமா?


மார்ச் 5

எவனோ என் புகைப்படத்தைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறான். கழுத்தில் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் அட்டையோடு. கீழே நூறு பேர் காறித் துப்பியிருக்கிறார்கள்.

மேலாளர் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். சாத்தும்போதே தெரிந்துவிட்டது.

"ஸ்கூல் கான்ட்ராக்ட் நம்மகிட்ட இருக்கு, தெரியும்ல. இது தீர்ற வரைக்கும் நீ அந்தப் பக்கம் போகாத."

"நான் செய்யல சார்."

"நான் நம்புறேன்யா. பிரின்சிபால் நம்பணுமே. மாசக் கடைசிக்குள்ள ஏதாவது எழுத்துல கொண்டா. இல்லன்னா உன்னை எங்க வச்சுக்கிறதுன்னு எனக்கே தெரியல."

எங்கள் வேலையில் பாதி பள்ளிக்கூடங்கள்தான். அங்கே போக முடியாத கேபிள்காரனை எதற்கு வைத்திருப்பார்கள்? குழந்தைகள் விஷயத்தில் பெயர் கெட்டவனை வேறு எவன் சேர்ப்பான்?


மார்ச் 6

இன்று முதல் பெரியவர் எனக்கு அவர் இல்லை. அவன்.

விடமாட்டேன்.


மார்ச் 8

அக்கா பிசியோதெரபி முடித்து வந்து, காலணியைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"அந்த மெஷின் உன் பேர்லதான இருக்கு?"

"ஆமா."

"அப்புறம் என்ன மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு இருக்க? பிளக்கைப் புடுங்கிட்டு வந்து சாப்பிடு."

உண்மைதான். ஆரம்பத்தில் "என் கார்டுல ஏதோ பிரச்சினைப்பா" என்றான். நான் என் பெயரில் எடுத்தேன். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாடகை கட்டினோம். நிறுத்த எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் நிறுத்தினால் ஆதாரத்தை அழித்தான் என்பார்கள். கோட்டை விழுவதில் எனக்கு என்ன லாபம்? அவன் விழ வேண்டும். அறுபது பேர் பார்க்க, அதே சிவப்பு எழுத்துகளுக்கு முன்னால் அவன் நிற்க வேண்டும்.

கோட்டைக்குள் என் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டான். மெஷினின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது. மெஷினைப் பற்றி அவனுக்கு எதுவுமே தெரியாது. உத்தரவு போடத் தெரியும், அவ்வளவுதான்.

அக்காவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "பழிவாங்குறதுக்கு இவ்ளோ படிக்கணும்னா நான் மன்னிச்சே விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.


மார்ச் 9, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

அட்டவணை என்பது நாங்கள் எழுதி ஒட்டுவது. யார் உண்மையில் அனுமதிப் பொத்தானை அமுக்கினார்கள் என்பதை மெஷின் தனியாகக் குறித்து வைக்கும். அமுக்கியது பெரியவரின் கணக்கு. நீக்கிய செய்திகளும் அப்படியே கிடக்கின்றன. வாசலில் அவர்கள் தட்டச்சில் பேசியதும் இருக்கிறது:

பெரியவர்: கடைசியா எதுக்கு வரிசைல நின்ன?

பையன்: ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டர்ல. அப்பாவுக்கு. ரெண்டு கவுன்ட்டர் இருக்கு, ஒண்ணுதான் திறப்பாங்க.

பெரியவர்: எப்பவும் அப்படித்தான்.

பெரியவர்: வா உள்ள.

அவ்வளவுதான். குரல் கேட்கவில்லை. மறுகேள்வி இல்லை. நானாக இருந்தால் "அப்பாவுக்கு என்ன மருந்து, எந்த வார்டு" என்று இன்னும் நாலு கேட்டிருப்பேன், பையன் மாட்டியிருப்பான்.

படம் பிடித்து மூன்று இடத்தில் சேமித்தேன். பல நாள் கழித்துப் பசித்தது.


மார்ச் 10

ஊசியிடம் அனுப்பினேன். உடனே போன். பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்தேன் தம்பி. தப்பு அவர் மேலதான். ஆனா பெருசாக்காத."

"ஏன் பெருசாக்கக் கூடாது? என் வேலை போகப் போகுது."

"அதுக்கில்ல. பாவம், அம்மாவ வச்சுப் பாத்துக்கிற மனுசன். தினம் ஒம்பது மணியானா போதும், அம்மா கூப்பிடுறாங்கன்னு எந்திரிச்சு ஓடுறாரு. இந்தக் காலத்துல எந்தப் புள்ள அம்மா கூப்பிட்ட உடனே போகுது சொல்லு. என் வீட்டுல ரெண்டு இருக்கு, கத்தினாலும் அசையாது."

"அம்மாவைப் பாத்துக்கிறவனுக்கு அடுத்தவன் தலையில பழி போட லைசென்ஸ் குடுத்திருக்காங்களா?"

இயந்திரம் நின்றது. "உனக்கு வாய் ஜாஸ்தி" என்று வைத்துவிட்டார்.

எனக்கு அவனைத் தெரியும். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏதோ அரசாங்க அலுவலகம். நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறான், வேறு எங்கே அப்படி விடுவார்கள்? வருடத்துக்கு இரண்டு தடவை "ஆடிட் இருக்குப்பா" என்று இரண்டு வாரம் காணாமல் போவான். கீழே வேலை பார்க்கிறவர்களைப் பாடாய்ப் படுத்துகிற மேசைக்காரன். அந்தக் கனத்த குரலில் "என்னப்பா கம்பி" என்பான். நானும் இரண்டு வருடமாக "சொல்லுங்கய்யா" என்று நின்றிருக்கிறேன்.


மார்ச் 11

விளையாட்டு நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். அவர்கள் விதியிலேயே இருக்கிறது: தனியார் நடத்தும் சேவையகங்களில் பயனர்களின் வயதைச் சரிபார்ப்பது அதை நடத்துபவரின் பொறுப்பு. நிறுவனம் கை கழுவுவதற்காக எழுதிய வரி. எனக்கு அது கத்தி.

எழுதினேன்: நடத்துபவர் இவர்தான். அனுமதித்தவரும் இவர்தான். ஆதாரங்கள் இணைப்பில். இவர் தன்னுடைய அடையாள அட்டையை முதலில் காட்டட்டும்.

கடைசி வரியை எழுதும்போது சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அவன் பெயர் வெளியே வரட்டும். படம் வரட்டும். கழுத்தில் அட்டையோடு. அவனுடைய மேலதிகாரியும் ஒருநாள் கதவைச் சாத்தட்டும்.

அதே ஆதாரங்களைப் பையனின் அம்மாவுக்கும் அனுப்பினேன். அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பிரின்சிபாலிடம் காட்டலாம்.


மார்ச் 13

பையனின் அம்மா பதில் எழுதியிருக்கிறார்.

"என் பையன் பொய் சொல்லல. நான் வேலைக்குப் போறேன், மருந்து வரிசையில அவன்தான் நிக்கிறான். யார் பட்டனை அமுக்கினாங்கன்னு தெரிஞ்சு நான் என்ன பண்றது? மூணு வாரம் அறுபது பேர் அவன்கூடப் பேசியிருக்கீங்க. வாசல்ல விட்டது ஒருத்தர்னே வச்சுக்குவோம். உள்ள இருந்தவங்களுக்குக் காது இல்லையா?"

அவர் கோபம் நியாயம். என் மேல் காட்டுவது நியாயமில்லை. அந்த மூன்று வாரமும் நானும் மொட்டைமாடிக்குப் போயிருக்கிறேன்தான். புதிதாக ஒருவன் அதிகம் பேசமாட்டான், சிரிப்பான் மட்டும். வெட்கப்படுகிறவன் என்று நினைத்தேன். என் முறை இல்லாதபோது நான் ஏன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும்?

ஒரு வரி எழுதித் தரவில்லை.


மார்ச் 15

மெஷினின் பதிவில் பார்த்தேன், நாலு மணிக்கு அவன் வரவில்லை. நேற்றும் வரவில்லை. நிறுவனம் அட்டை கேட்டிருக்கும்.

இனிக்கிறது.


மார்ச் 18

ராத்திரிதான் எழுத உட்கார முடிந்தது.

மதியம், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் ஏணி மேல் நின்று கூரைப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத எண். எடுத்தேன்.

"கம்பிங்களா பேசுறது?"

அதே குரல். அதே கனம், அதே இழுவை. ஆயிரம் பேர் நடுவில் கேட்டாலும் சொல்வேன். இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. "இப்பதான் வழி தெரிஞ்சுதாடா நாயே" என்றுதான் ஆரம்பித்தேன். மீதியை எழுதவில்லை. கீழே மேசையில் இருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"தம்பி, நான் அவன் அப்பா. கார் ஓட்டக் கத்துக்குடுக்குறேன். தினம் யாராவது திட்டுவாங்க, அது பரவாயில்ல. என் அட்டையை எடுத்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கான். அவங்க என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு."

"யாரு... எவன் அனுப்பினான்?"

"என் பையன்தான். பதினொண்ணாவது படிக்கிறான். பதினாறு ஆகுது."

ஏணியில் உட்கார்ந்துவிட்டேன்.

"குரல் மட்டும் என்னை மாதிரியே வந்துருச்சு" என்றார். "நீங்கல்லாம் அவனைப் பெரியவர்னு கூப்பிடுவீங்களாமே. நெசமாவா?"

ஆமாம் என்றேனா என்றுகூட நினைவில்லை.


மார்ச் 19

ஆடிட் = பரீட்சை.

நாலு மணி = பள்ளி விடும் நேரம்.

அம்மா கூப்பிடுறாங்க = அம்மா கூப்பிட்டார்.

கார்டில் பிரச்சினை. பிரச்சினையே கார்டு இல்லாததுதான். முதல் ஆறு மாதம் மைக் ரிப்பேர் என்று தட்டச்சிலேயே பேசினான். அப்போது பதினாலு வயது. குரல் உடையக் காத்திருந்திருக்கிறான்.

அறுபது பேரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டோம். கேட்கிற பக்கம் உட்கார்ந்திருந்த மூன்று பேரை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. தராசுக் காது.

அக்காவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் கேட்டாள். "ஸ்கூல் பையன்கிட்ட ரெண்டு வருசமா சொல்லுங்கய்யா, சொல்லுங்கய்யான்னு... அவன் ஹோம்வொர்க் எதையும் நீ செஞ்சு குடுக்கலையே?"

ஒரு தடவை மின்சுற்று பற்றி ஒரு கணக்கு கேட்டான். ஆபீசில் தேவைப்படுகிறது என்றான். போட்டுக் கொடுத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

மாலை உட்கார்ந்து அறிவிப்பு எழுதினேன். "உங்கள் பெரியவருக்கு வயது பதினாறு." கீழே எல்லா ஆதாரங்களும். ஒரு தடவை அமுக்கினால் போதும், வாழ்நாள் முழுக்கச் சிரிப்பார்கள். அவன் பள்ளிவரைக்கும் போகும்.

அனுப்பவில்லை. இன்னும். வரைவில் இருக்கிறது.


மார்ச் 20

நிறுவனத்தின் பதில். சுருக்கம்:

புகாரில் குறிப்பிட்டவர் வயது வராதவர். எனவே அவரை நடத்துபவராகக் கருத முடியாது. மெஷின் யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரே நடத்துபவர். அதாவது நீங்கள். உங்கள் புகார் உங்கள் மீதான புகாராக மாற்றப்பட்டுள்ளது. மாத இறுதிக்குள் வயதுச் சரிபார்ப்புக்கு என்ன ஏற்பாடு செய்துள்ளீர்கள் என்று தெரிவிக்கவும். தவறினால் சேவையகம் மூடப்பட்டு, உங்கள் பெயர் தடைப் பட்டியலில் சேர்க்கப்படும்.

ஆதாரம் நான் கொடுத்தது. விதியை எடுத்துக் காட்டியது நான். தீட்டிய கத்தியின் பிடியை எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கிறேன்.


மார்ச் 21

அவன் கூப்பிட்டான். அப்பா பக்கத்தில் நின்றிருக்க வேண்டும், மூச்சு கேட்டது.

"அண்ணா."

அந்தக் குரலில் அந்தச் சொல். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"ஏன்டா அப்படிப் போட்ட?"

"ஷீட்ல உங்க பேர் இருந்துச்சு. நான்தான் விட்டேன்னு சொன்னா என்கிட்ட அட்டை கேப்பாங்க. அதான்."

"அந்தப் பையன் சின்னப் பையன்னு தெரிஞ்சுதான் விட்டியா?"

"நானும் அந்த மாதிரி மருந்துக் கவுன்ட்டர்ல நின்னிருக்கேன் அண்ணா. பாட்டிக்கு. அங்க பேச யாருமே இருக்க மாட்டாங்க."

"அதுக்கு அவனை மொட்டைமாடிக்கு விடுவியா?"

"நீங்கல்லாம் பேசுறத நான் பதினாலு வயசுலேர்ந்து கேக்குறேன்ல. எனக்கு ஒண்ணும் தோணல."

அவன் எதிரில் நானே எவ்வளவு பேசியிருக்கிறேன்.

"உண்மையை எழுதிப் போட்டுடுறேன். வயசை மட்டும் சொல்லிடாதீங்க. ஸ்கூல்ல தெரிஞ்சா என்னை வச்சு செஞ்சுடுவாங்க."

"என் பேரைப் போட்டப்போ எனக்கும் ஒரு ஸ்கூல் இருக்குன்னு யோசிச்சியா?"

அழுதான். அந்தக் கனத்த குரல் அழும்போது மட்டும் மேலே போய் உடைகிறது. அப்போது கேட்டிருந்தால் யாராக இருந்தாலும் வயதைச் சொல்லியிருப்பார்கள்.

சமாதானம் சொல்லவில்லை. வைத்துவிட்டேன். பதினாறு வயதில் செய்தாலும் காட்டிக்கொடுத்தது காட்டிக்கொடுத்ததுதான். அவன் என்று எழுதுவதற்கு இப்போது கோபம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இருந்தாலும் கோபம் இருக்கிறது.


மார்ச் 22, சனி

காலையில் அவன் அறிவிப்பைப் போட்டுவிட்டான். "கம்பி அன்று வாசலில் இல்லை. அனுமதித்தது நான். பழியை அவர் மேல் போட்டது நான். விலகுகிறேன்." என் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

அச்செடுத்து மேலாளர் வீட்டுக்கே கொண்டுபோனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லது. இப்ப அது யாரு பேர்ல ஓடுது?"

"என் பேர்ல."

"அப்போ வாசல்ல நிக்கிறது இனிமே நீதான?"

"...ஆமா சார்."

"கம்பெனி சரின்னு எழுதுற பேப்பரையும் கொண்டா. ரெண்டையும் சேத்துப் பிரின்சிபால்கிட்ட குடுக்குறேன். அதுவரைக்கும் ஸ்கூல் பக்கம் வேணாம்."

திரும்பி வரும் வழியில் ஊசிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வயதையும். அவருக்கு மட்டும். "என் சின்னவனைவிட ஒரு வயசு கம்மி. இந்தப் பையன்கிட்ட நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா" என்றார்.

பிளக்கைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் அக்காவுக்குச் சந்தோஷம், எனக்கு ஒன்றுமில்லை. செய்ய வேண்டியவை:

1. இன்றே வாசலை மூடு. ஏற்பாடு முடியும்வரை புதிதாக ஒருவரும் உள்ளே வரக் கூடாது.

2. மொட்டைமாடியைப் பூட்டு. திட்டுவார்கள். திட்டட்டும்.

3. அட்டையை நாம் வாங்கி வைக்காமல் வயதை மட்டும் உறுதி செய்து தரும் சேவையை இணை. இரண்டு நாள் வேலை. இரண்டு வருடமாகச் செய்யாத இரண்டு நாள் வேலை.

4. முதல் ஆளாக என் அட்டையைக் காட்டு. அடுத்தது ஊசி. "என் வயசையா கேக்குற" என்பார். கேள். பிறகு மீதி எல்லோரும், ஒருவர் விடாமல்.

5. பையனின் அம்மாவுக்கு எழுது. ஆதாரம் எதையும் இணைக்காதே. எதையும் கேட்காதே.

6. நிறுவனத்துக்கு முப்பதாம் தேதிக்குள் பதில். "நடத்துபவர்" என்ற இடத்தில் என் முழுப்பெயர்.

7. வரைவில் இருக்கும் அறிவிப்பு: அனுப்பாதே. அழிக்கவும் வேண்டாம். நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

8. வரிசைக் கேள்வியை எடுத்துவிடு. பழைய பெரியவருக்கு மட்டும் வைத்திரு. அவன் கணக்கைப் பூட்டித் திறக்கும் தேதி போடு: அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாள். அன்றைக்கு எந்த வேலை வந்தாலும் யாரிடமும் பார்த்துக்கொள்ளச் சொல்லாதே. வாசலில் நானே இருப்பேன். அவன் நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும். பிறகு கேட்பேன்.